மேகத்தின் பிரஷர் ஷீட்

அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் சம்பளப் பட்டியலைத் தாண்டி அது எங்கேயும் பிழைத்திருக்கவில்லை. வேலைத்தளத்தில் எல்லோருக்கும் அவர் மேகம்தான். டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். மத்தியானச் சாப்பாடு கூடக் கயிற்றில் கட்டித்தான் மேலே போகும். "ஆளு எங்கப்பா?" என்று யாராவது கேட்டால் கீழே நிற்கிறவன் வாயைத் திறக்காமல் வானத்தைக் காட்டுவான். காட்டிக் காட்டியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவருடைய சம்சாரம் ஒரு பெரிய செருப்புக் கடையின் கிடங்கில் வேலை பார்த்தாள். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ரகம். வந்து இறங்குகிற பெட்டிகளைப் பிரித்து, ஆண் பெண் குழந்தை என்று ஒதுக்கி, ஒவ்வொரு மாடலையும் சின்ன அளவிலிருந்து பெரிய அளவுக்கு அடுக்கி வைப்பாள். கண்ணைக் கட்டிவிட்டு எட்டாம் நம்பர் கேட்டாலும் கை நேராக எட்டாம் நம்பருக்குப் போகும். அந்த ஒழுங்கை அவள் கிடங்கிலேயே விட்டுவிட்டு வருவதில்லை. வீட்டில் கரண்டிகள் உயரவாரியாகத் தொங்கும். சோப்புக்கூட தேய்ந்தது முன்னால், புதிது பின்னால்.

அவள் தங்கை, அதாவது மேகத்தின் கொழுந்தியா, ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். அந்தக் கொழுந்தியாவின் வீட்டுக்காரரும் கிரேன்காரர்தான். அதே வேலைத்தளத்தில் சக்கரம் வைத்த சின்னக் கிரேனை ஓட்டினார். மாமனார் இரண்டு மகள்களையும் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கே கொடுத்திருந்தார். "எம் பொண்ணுங்களைத் தூக்கிட்டுப் போறவன் தூக்கத் தெரிஞ்சவனா இருக்கணும்ல" என்று சம்பந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாராம். சகலைகள் இரண்டு பேருக்கும் வெளியில் பகை எதுவும் கிடையாது. உள்ளே மட்டும், பெரிய கிரேன் சின்னக் கிரேன் என்று ஒரு முள் படுத்திருந்தது. பெரிய கிரேன் மேகத்திடம் இருந்தவரைக்கும் அந்த முள் புரண்டு படுக்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி டாக்டரம்மா எல்லா ஓட்டுநர்களையும் பார்ப்பார். அந்த வருஷம் மேகத்தின் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்தவர், மறுபடியும் அமுக்கினார். அப்புறம் அடுத்த கையிலும் அமுக்கினார்.

"பிரஷர் கூட இருக்கே" என்றார்.

"படி ஏறி வந்தேன்மா."

"இது தரைத்தளம்."



டாக்டரம்மா கெட்டவர் இல்லை. ஒரு தடவை பார்த்து முடிவு சொல்ல மாட்டேன், வீட்டிலேயே ஒரு மெஷின் வாங்கி வைத்துக் காலையும் சாயங்காலமும் பார்த்து, ஒரு மாசத்துக்கு எழுதி அனுப்புங்கள் என்றார். "பேப்பர்ல கிறுக்கி எடுத்துட்டு வராதீங்க. போன தடவை ஒருத்தர் பஸ் டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிட்டு வந்தார். கம்ப்யூட்டர்ல ஷீட்டா போட்டு அனுப்புங்க. நான் பாத்துச் சொல்ற வரைக்கும் நீங்க மேலே ஏறக் கூடாது."

"அப்ப கிரேனு?"

"வேற ஆள் ஓட்டுவாங்க."

அந்த வேற ஆள் யார் என்று கேட்கவே வேண்டாம். மறுநாள் காலையில் சகலை ஏணியில் ஏறினார். மேகம் கீழே பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு, கையில் வாக்கிடாக்கியோடு சிக்னல் காட்டுகிற வேலையில் நின்றார். அத்தனை வருஷம் மேலேயிருந்து பொம்மை மாதிரி பார்த்த இடத்தில் இப்போது தானே ஒரு பொம்மையாக நின்றார். தூசி, இரைச்சல், கம்பி வெட்டுகிற சத்தம், ஆளுக்கொரு யோசனை. மேலே இருந்தவரைக்கும் காற்று ஒன்றுதான் அவரோடு பேசும். அதுவும் தேவையில்லாமல் பேசாது.

"சகலை, கையை இன்னும் கொஞ்சம் உயரக் காட்டுங்க. வெயில்ல கண்ணு கூசுது" என்று வாக்கியில் குரல் வரும்.

"கண்ணாடி போட்டுக்க வேண்டியதுதானே சகலை."

"கண்ணாடி உங்களது இங்க கிடக்கு. போட்டுக்கட்டுமா?"

"வேணாம். துடைச்சு வெச்சிரு."

வாக்கியில் எல்லோருக்கும் ஒரே அலைவரிசைதான். கம்பி கட்டுகிறவர்கள், கலவைக்காரர்கள், மேஸ்திரி, இன்ஜினியர் எல்லோரும் காதில் மாட்டிக்கொண்டு இந்தச் சகலைக் கச்சேரியை இலவசமாகக் கேட்டார்கள்.

வீட்டில் பிரஷர் மெஷின் வந்துவிட்டது. ஷீட் போடுவதற்குக் கொழுந்தியாவை விட்டால் ஆளில்லை. அவள் புருஷன் உட்கார்ந்திருக்கிற கிரேன் நாற்காலியிலிருந்து அவரை இறக்குவதற்கு ஷீட் போட்டுத் தரச் சொல்லி அவளிடமே கேட்பது மேகத்துக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தவள், சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் போட்டு முடித்தாள்.

"இங்க தேதி மாமா. இது காலையில, மேல உள்ள நம்பர், கீழே உள்ள நம்பர். இது சாயங்காலம், அதே மாதிரி. இதுல எவ்வளவு நேரம் தூங்கினீங்கன்னு. கடைசியில அகலமா ஒண்ணு விட்டிருக்கேன், அன்னிக்கு என்ன விசேஷமோ அதை எழுதுங்க. தலைவலி, சண்டை, எதுவா இருந்தாலும்."

"சண்டை தினமும் இருக்கும்மா."

"அப்ப சண்டை இல்லாத நாள்ல மட்டும் எழுதுங்க."

எண் கூடுதலாக இருந்தால் கட்டம் தானாகவே சிவப்பாகும், சரியாக இருந்தால் பச்சையாகும் என்று வைத்தாள். பக்கத்தில் கோடு ஒன்று ஏறி இறங்கி ஓடுகிற மாதிரி ஒரு கிராஃப். எல்லாவற்றையும் ஃபோனிலேயே திறக்கலாம். மேகத்துக்கும் அக்காவுக்கும் திறக்க வழி செய்து கொடுத்தாள்.

டாக்டரம்மா குடும்பத்தில் யாருக்கெல்லாம் ரத்தக் கொதிப்பு என்று ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். அதற்குத் தனியாக இன்னொரு பக்கம் போட்டார்கள். அங்கேதான் பாதிப் பொழுது போனது. மேகத்தின் அப்பாவுக்குக் கொதிப்பு உண்டு. பெரியப்பாவுக்கு உண்டா இல்லையா என்று தெரியாது. அவர் அளக்க விட்டதில்லை, அளக்காத வியாதி இல்லாத வியாதி என்பார். அத்தைக்கு உண்டு; மாத்திரையை விழுங்கிவிட்டு அந்தக் கையாலேயே ஊறுகாய் ஜாடியைத் திறப்பாள். சித்தப்பாவுக்குக் கிடையவே கிடையாது, ஆனால் அவரோடு பழகிய அத்தனை பேருக்கும் வந்தது.

"சித்தப்பாவை எந்தக் கட்டத்துல போட மாமா?"

"காரணம்னு ஒரு கட்டம் இருந்தா அதுல போடு."

அன்றிலிருந்து ஷீட் ஓட ஆரம்பித்தது. சம்சாரம் பட்டையைச் சுற்றுவாள், மெஷின் உறுமும், மேகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண் வருவதைப் பார்ப்பார், பிறகு மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒற்றை விரலால் கட்டத்தில் தட்டுவார். முதலில் எரிச்சலாக இருந்தது. போகப் போக அது ஒரு ருசியாகிவிட்டது. பச்சை வந்தால் பரீட்சையில் பாஸான மாதிரி. கடைசிக் கட்டத்தில் அவர் எழுதியவை ஒரு மனிதனின் பாடு பூராவும் சொல்லும். 'நல்ல தூக்கம்.' 'சகலை கம்பியைச் சாய்த்து இறக்கினான், பார்த்துக்கொண்டிருந்தேன்.' 'மழை. வேலை இல்லை. பிரஷரும் இல்லை.' 'ஞாயிறு. எங்கும் போகவில்லை. பச்சை.' 'சகலை இன்று சரியாக இறக்கினான். சிவப்பு.'

மாசம் முடிந்தது. மறுநாள் டாக்டரம்மாவுக்கு அனுப்ப வேண்டும். மேகம் கடைசித் தடவையாக ஒரு பார்வை பார்த்தார். காலையில் எல்லாம் பெரும்பாலும் பச்சை, சாயங்காலத்தில் சிவப்பு கலந்து கிடந்தது. ஞாயிறுகள் பச்சைப்பசேல் என்றிருந்தன. மோசமில்லை, பேசிப் பார்க்கலாம் என்று தோன்றியது. நிம்மதியாகப் படுத்தார். காலையில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், டாக்டரம்மா கொடுத்த முகவரிக்குச் சம்சாரத்தையே அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். அவளும் பொறுப்பாக அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா நேரில் வரச் சொன்னார். மேகம் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். உள்ளே நுழைந்ததும் அந்த அம்மாள் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். கிராஃபில் கோடு ஒன்று இடது மூலையில் கிளம்பி வலது மூலைக்கு, ஒரு இடத்திலும் மடங்காமல், கிரேன் கையைத் தூக்கி வைத்த மாதிரி மேலே போயிருந்தது.

"இதைப் பாருங்க. முதல் நாள் தங்கமா இருக்கு. அதுலேருந்து ஒரு நாள்கூட இறங்கல. தினம் தினம் ஏறுது. கடைசி நாள் பாத்தா நீங்க ஆஸ்பத்திரியில இருக்கணும். மனுஷன் பிரஷர் இப்படிப் போகாது. இது உடம்பா, ஏணியா?"

மேகம் குனிந்து பார்த்தார். எண்கள் அவருடையவைதான். ஒவ்வொன்றும் பழகின முகமாகத்தான் இருந்தது. ஆனால் எதுவும் அதனதன் வீட்டில் இல்லை. 'ஞாயிறு. எங்கும் போகவில்லை. பச்சை' என்று அவரே எழுதிய வரிக்கு நேராக இரத்தச் சிவப்பாக ஒரு எண் உட்கார்ந்திருந்தது.

"இது நான் எழுதினது இல்லம்மா."

"அதைத்தான் நானும் சொல்றேன். அளக்காம, குத்துமதிப்பா ஏத்தி ஏத்தி எழுதியிருக்காங்க. யார் எழுதினது?"

"பொய் எழுதறவன் கொறைச்சுத்தானம்மா எழுதுவான். கூட்டியா எழுதுவான்? எனக்கு மேலே போகணும்மா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதான் எனக்கும் புரியல. ஆனா இதை நம்பி உங்களை அவ்வளவு உயரத்துல உக்கார வைக்க முடியாது. உங்க காலுக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்யறாங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள சரியான கணக்கு வரணும். வரலைன்னா கம்பெனிக்கு, இவர் தரையிலயே இருக்கட்டும்னு எழுதிடுவேன். அதுக்கப்புறம் மாத்தறது என் கையில இல்ல."

வெளியே வந்தவர் விரல் விட்டு எண்ணினார். ஷீட்டைத் திறக்க முடிந்தவர்கள் மூன்று பேர். தான் மாற்றவில்லை. சம்சாரத்துக்கு மாற்றத் தெரியாது. ஃபோனில் வெளிச்சத்தைக் குறைக்கவே அவரிடம்தான் வருவாள். மிச்சம் ஒருத்தி. கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்தவள். புருஷன் பெரிய கிரேனில் உட்கார்ந்திருக்கிறவள். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கணக்குப் போடுவதற்கு எக்செல் எதற்கு?

வேலைத்தளத்துக்கு நேராகப் போனார். பச்சைச் சட்டையை மாட்டினார். சகலை அப்போது ஒரு கட்டுக் கம்பியைத் தூக்கி ஐந்தாவது மாடியில் இறக்கிக்கொண்டிருந்தார். மேகத்துக்கு ரத்தம் கொதித்தாலும் தொழில் கொதிக்கவில்லை. கை ஒழுங்காகத்தான் அசைந்தது. கம்பி இறங்கி, கட்டு அவிழ்ந்து, கொக்கி வெறுமனே மேலே போகிறவரைக்கும் பொறுத்தார். அப்புறம் வாக்கியை வாய்க்கு நேராகத் தூக்கினார்.

"சகலை."

"சொல்லுங்க சகலை. டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? உம் பொண்டாட்டி எழுதிக் கொடுத்ததைத்தானே சொல்லுவாங்க."



"என்ன சகலை சொல்றீங்க?"

"நாற்காலி வேணும்னா நேரா கேட்டிருக்கலாம். கூடப் பொறந்த அக்கா புருஷனோட பிரஷரை ஏத்தி எழுதித்தான் வாங்கணுமா? கூட உக்காந்து சோறு தின்ன கை காயறதுக்குள்ள இந்த வேலையா?"

கம்பி வெட்டுகிற இடத்தில் சத்தம் நின்றது. கலவை மெஷினை யாரோ அணைத்தார்கள். தளம் முழுக்க அப்படி ஓர் அமைதி அதற்கு முன்னால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டுமே இருந்திருக்கிறது. கடைசியில் மேஸ்திரியின் குரல்தான் வந்தது. "மேகம்ணே, எல்லாரும் லைன்ல இருக்கோம்ணே."

 அன்று பொழுது சாய்கிறவரைக்கும் 'இறக்கு', 'நிறுத்து' தவிர வேறு பேச்சு நடக்கவில்லை.

மேகம் வீட்டுக்குப் போனார். சம்சாரம் அவர் முகத்தைப் பார்த்தவுடனே அடுப்பை அணைத்துவிட்டாள். தங்கை ஃபோன் பண்ணி அழுதிருந்தாள்.

"வாக்கியில சொன்னீங்களாமே. ஊரே கேட்டுச்சாமே. எம் தங்கச்சியைப் பாத்து எப்படிங்க வாய் வந்துச்சு?"

"வாய் வரலடி, வயிறு எரிஞ்சுது. நீயே பாரு. இந்த நம்பரையெல்லாம் அவதான் மாத்தி வெச்சிருக்கா." ஃபோனைத் திறந்து அவள் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரைக்கும் விரலால் தள்ளிப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

"யாரு மாத்தினா? ஒண்ணும் மாறலையே. நான் அடுக்கி வெச்சது அப்படியேதான் இருக்கு."

மேகம் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ என்ன பண்ணி வெச்ச?"

"அடுக்கினேங்க. டாக்டரம்மாவுக்கு அனுப்பப் போறோம், பாத்தா ஒரு நம்பர் பெருசு, அடுத்தது சின்னது, அதுக்கடுத்தது பெருசு. சரக்கு இறக்கிப் போட்ட மாதிரி கெடந்துச்சு. ஒரு படிச்ச பொம்பளைக்கு அதை எப்படி அனுப்பறது? மேல தொட்டா சின்னதுலேருந்து பெருசுன்னு ஒரு பட்டன் வந்துச்சு. என் வேலையே அதுதானே. ஒவ்வொரு வரிசையா தொட்டு அமுக்கினேன்."

"எல்லாத்தையுமா?"

"இல்லையே, பாத்துத்தான் செஞ்சேன். பக்கத்துல இருக்கறதையும் சேத்து மாத்தட்டுமான்னு அது கேட்டுச்சு. வேணாம்னேன். தேதி நல்லா வரிசையாத்தானே இருக்கு, அதை எதுக்குக் கலைக்கணும்? நீங்க எழுதினதையும் தொடல."

 கோபப்படலாமா சிரிக்கலாமா என்று மேகத்தின் உடம்பு முடிவு பண்ண முடியாமல் தவித்தது.

"ஏன்டி, ஒருத்தன் பிரஷர் செருப்பாடி? எட்டு, ஒம்பது, பத்துன்னு அடுக்கறதுக்கு?"

"அடுக்கினா என்னங்க? நம்பர் அதே நம்பர்தானே. நான் ஒண்ணு கூட்டினேனா, ஒண்ணு கொறைச்சேனா?"

"பெட்டியை அடுக்கறப்ப உள்ள இருக்கற செருப்பும் சேந்துதானே வரும். நீ செருப்பை மட்டும் அடுக்கிட்டு பெட்டியை அங்கேயே விட்டுட்ட. மூணாம் நம்பர் பெட்டியில பத்தாம் நம்பர் செருப்பு. எவனுக்கு எது சேரும்?"

அது அவளுக்குப் புரிந்தது. புரிந்த வேகத்தில் கை வாய்க்குப் போனது. கிடங்கில் அப்படி ஒரு காரியத்தை யாராவது செய்திருந்தால் அவள் உயிரோடு விட்டிருக்க மாட்டாள். "ஐயோ, அவளைப் போய்ச் சொல்லிட்டீங்களே" என்று முதலில் தங்கைக்காகத்தான் அழுதாள். தனக்காக அழுதது அப்புறம். மேகம் தன் பங்கையும் கணக்குப் பார்த்தார். அவள் அடுக்கியது தெரியாமல் நடந்தது. அவர் பேசியது தெரிந்தே பேசியது.

மறுநாள் வியாழக்கிழமை. வேலைக்குப் போவதற்கு முன்னால் இரண்டு பேருமாகத் தங்கை வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சகலை திறந்தார், வாங்க என்றார், செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். கொழுந்தியா ஆபீசுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வாரி முடிக்கிறவரைக்கும் திரும்பவில்லை.

அக்காக்காரி நடந்ததைச் சொன்னாள். ஒன்றும் மறைக்கவில்லை. கொழுந்தியா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒரு இடத்தில் உதடு துடித்தது. அழப் போகிறாளோ என்று மேகம் பயந்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா பிரஷரைச் சைஸ்வாரியா அடுக்கினியா அக்கா?"

"அடுக்கினேன்டி."

"பொட்டி போட்டு விலை ஒட்டலையே, அதுவரைக்கும் சந்தோஷம்."

சிரித்து முடித்த பிறகு அவள் முகம் மறுபடியும் இறுகியது. மேகத்தைப் பார்த்தாள். "நீங்க சொன்னதுக்கு நான் ஏன் அழுதேன் தெரியுமா மாமா? நான் அந்த ஷீட்டு போட்ட ஞாயித்துக்கிழமை இவரு கேட்டாரு. அவருக்கு பிரஷர் சரியாயிட்டா நான் இறங்கணுமேன்னாரு. இறங்குங்க, உங்க ஏணி ஒண்ணும் எங்கேயும் போயிடாதுன்னேன். அப்படிச் சொல்லிட்டு வந்துதான் நான் உக்காந்து உங்களுக்குக் கட்டம் போட்டேன்."

மேகத்தால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "தப்புத்தாம்மா. மன்னிச்சுக்க."

"இங்க சொன்னா நாலு சுவத்துக்குத்தான் கேக்கும். எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க."

"சொல்றேன். ஆனா ஷீட்டு? நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"அது ஒண்ணும் இல்ல. அக்கா தொடறதுக்கு முந்தின நாள் எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பிக் கொண்டு வந்துடலாம். அதெல்லாம் அது ஞாபகம் வெச்சிருக்கும். சாயங்காலம் செஞ்சு தரேன்."

"இப்பவே முடியாதா?"

"முடியும். ஆனா சாயங்காலம்தான் செய்வேன்."

மேகத்துக்குப் புரிந்தது. பகல் முழுக்க அவருக்கு நேரம் கொடுத்திருக்கிறாள்.

தளத்தில் அன்றும் கம்பிதான். பாரம் இறங்கி, கொக்கி காலியாகும்வரை காத்திருந்தார். வாக்கியை எடுத்தார். தொண்டையைச் செருமியது எல்லோர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். கம்பி வெட்டுகிறவர்கள் சொல்லாமலே நிறுத்தினார்கள்.

"சகலை, எல்லாரும் கேளுங்கப்பா. நேத்து என் கொழுந்தியாளைப் பத்தி நான் சொன்னது பொய். அவ மேல ஒரு தப்பும் இல்ல. ஷீட்டைக் கலைச்சது என் வீட்டுலதான். வாயை விட்டது நான். மன்னிச்சுக்க."

 மேலேயிருந்து குரல் வந்தது.

"உங்க வீட்டுலயா? யாரு, அக்காவா? என்ன பண்ணினாங்க?"

"அடுக்கிட்டா."

"எதை?"

"என் பிரஷரை. சின்னதுலேருந்து பெருசா."

தளம் பூராவும் சிரித்தது. மேலே கேபினில் சகலை சிரித்த சிரிப்பில் வாக்கியின் பட்டனிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டார். இன்ஜினியரே லைனில் வந்து "போதும், வேலையைப் பாருங்க" என்று சொல்லவேண்டி வந்தது. அவர் குரலும் சரியாக இல்லை.

சாயங்காலம் ஷீட் பழையபடி வந்தது. எண்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பியிருந்தன. கொழுந்தியா முன்யோசனையாக அக்காவுக்குப் பார்க்க மட்டும் வழி விட்டு, மாற்றுகிற வழியை அடைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மேகம் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு போனார். நடந்ததைக் கேட்ட டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு ஷீட்டை வரி வரியாகப் படித்தார். கடைசிக் கட்டத்தில் இருந்ததையும் விடவில்லை.

"காலையில பரவாயில்ல. வேலை நாள் சாயங்காலம்தான் தூக்கலா இருக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நல்லா இருக்கு. வேலை நாள்ல எப்ப எடுப்பீங்க?"

"வீட்டுக்கு வந்த உடனே."

"உடனேன்னா?"

சம்சாரம் முந்திக்கொண்டாள். "நான் பட்டையோட வாசல்லயே நிப்பேன்மா. மறந்துடக் கூடாதுல்ல. இவர் மாடி ஏறி வந்து கதவைத் தாண்டறதுக்குள்ள சுத்திடுவேன்."

"எத்தனாவது மாடி?"

"நாலாவது. லிஃப்ட் இருக்கு, பேருக்கு."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். "மூச்சு வாங்கிட்டு நிக்கிறவரைப் பிடிச்சு அளந்தா யாருக்கும்மா சரியா இருக்கும்? எனக்கே இருக்காது. வந்து உக்காரணும். பேசாம கொஞ்ச நேரம் உக்காரணும். அப்புறம்தான் பட்டை." இன்னும் இரண்டு வாரம் அப்படி எடுத்து அனுப்பச் சொன்னார். கம்பெனிக்கு எழுதுவதை அதுவரை நிறுத்தி வைத்தார்.

கொழுந்தியா ஷீட்டில் 'உட்கார்ந்தாச்சா' என்று ஒரு கட்டம் சேர்த்தாள். அதில் 'ஆச்சு' என்று போட்டால்தான் பக்கத்துக் கட்டம் எண்ணை வாங்கும். அந்தப் பேசாத நேரம்தான் சம்சாரத்துக்குப் பெரும் பாடாக இருந்தது. பகல் பூராவும் சேர்த்து வைத்ததை நாக்கின் நுனியில் நிறுத்திக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பாள். மெஷின் எண்ணைக் காட்டியதும் மடை திறந்த மாதிரி கொட்டுவாள்.

இரண்டு வாரக் கணக்கு போனது. எண்கள் நன்றாக இறங்கியிருந்தன. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. மேகத்துக்குக் கொஞ்சம் கொதிப்பு இருக்கத்தான் செய்தது. அப்பாவின் சொத்தில் பங்கு வராமல் போகுமா? டாக்டரம்மா காலையில் ஒரு சின்ன மாத்திரை எழுதினார். அது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா, தலை சுற்றுகிறதா என்று இன்னும் கொஞ்ச நாள் தரையிலேயே வைத்துப் பார்த்தார். ஒத்துக்கொண்டது. கட்டங்கள் வரிசையாகப் பச்சை கட்டின. கடைசியில் ஒரு காலையில் கம்பெனிக்குத் தகவல் வந்தது: மேலே ஏறலாம், மாத்திரையை விடக் கூடாது, ஷீட்டையும் விடக் கூடாது.

மறுநாள் மேகம் ஏணியடிக்கு வந்தபோது சகலை தன் சாமான்களை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். ஏணி நடுவில் தட்டு மாதிரி ஒரு மேடை உண்டு. ஒருவர் ஒதுங்கினால்தான் அடுத்தவர் ஏறலாம். அங்கே இரண்டு பேரும் சந்தித்தார்கள். சகலை சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பியோடு ஒட்டி நின்றார்.

"மேலே என்ன அமைதி சகலை" என்றார். "நீங்க ஏன் அப்படி அடிச்சுக்கிட்டீங்கன்னு இப்பத்தான் தெரியுது. கீழே போனா உங்க கொழுந்தியா ஃபோன் பண்ணுவா."

"மேலே இருந்தாலும் பண்ணுவாளே."

"மேலே இருந்தா சிக்னல் இல்லன்னு சொல்லலாம்."

மேகம் சிரித்தார்.   சகலையின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சீட்டை உங்க உயரத்துக்கு நேத்தே மாத்தி வெச்சிட்டேன்" என்று சகலை கீழே இறங்கிக்கொண்டே சொன்னார். "குறை சொல்லாதீங்க."

மேகம் மிச்ச ஏணியை நிதானமாக ஏறினார். கேபின் கதவைத் திறந்தார். கண்ணாடியெல்லாம் பளிச்சென்று துடைத்திருந்தது. காற்று பழைய பழக்கத்தில் ஒரு தடவை உரசிவிட்டுப் போனது. கீழே தளம் விரிந்து கிடந்தது. பச்சைச் சட்டைகள் புள்ளி புள்ளியாக நகர்ந்தன. உட்கார்ந்தார். சீட்டு அவர் உயரத்துக்கு ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது.

வாக்கியை எடுத்தார். உதட்டருகே கொண்டுபோனார். பிறகு அதை அதன் இடத்திலேயே வைத்துவிட்டு, குனிந்து, சீட்டுக்கு அடியில் இருந்த திருகைத் தானே திருகிக்கொண்டார்.